மேட்டு லயம் என்று எழுதக் கூசிய கை

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்த கதை இது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே மேட்டு லயத்தில் கடைசிக் காம்பிராதான் என் வீடு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையை லயம் என்போம், அதில் ஒரு வீடு காம்பிரா.

எங்கள் லயத்தில் கம்பளி பின்னத் தெரிந்தவர்கள் நான்கு பேர். குழந்தைகளுக்குத் தொப்பி, காலுக்கு மேஸ், சுவெட்டர் என்று பின்னி, 'மேட்டு லயத்துப் பின்னல்' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து விற்றுக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் இருக்கிறவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். படத்தைப் பார்த்து ஆசையாக விசாரிப்பார்கள், கடைசியில் "கார்டுல கட்டலாமா?" என்பார்கள். இல்லை என்றதும் ஆளைக் காணோம். சரி, கார்டில் பணம் வாங்கித் தருகிற கம்பனி ஒன்றைப் பிடிப்போம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குக் கெட்டிக்காரி என்ற நினைப்பு கொஞ்சம் அதிகம். இரண்டு கம்பனிகளை எடுத்துக்கொண்டு, நூறு ரூபாய்க்கு யார் எவ்வளவு கட்டணம் பிடிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். இரண்டுக்கும் விசாரித்து எழுதியதில், சற்றுக் கூடப் பிடிக்கிற கம்பனியிலிருந்து ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். எங்கே வைத்துப் பின்னுகிறீர்கள், யார் யார் பின்னுகிறார்கள், அளவு சரியில்லை என்றால் திருப்பி எடுப்பீர்களா, வாங்குகிறவர்கள் உங்களை எந்தப் பெயரில் அறிவார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"என்னாங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

அவர் சிரித்தார். "பின்னால பிரச்சினை வந்தா கஷ்டம் உங்களுக்குத்தான் மிஸ், அதுக்குத்தான் கேக்குறேன்" என்றவர், விலாசத்துக்கு ஆதாரம் அனுப்பச் சொன்னார்.

அங்கேதான் நான் நின்றுவிட்டேன். லைட் பில் எங்கள் பெயரில் வருவதில்லை. கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். ஆனால் அதை ஒரு சாக்காகத்தான் வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கம். கொழும்பில் ஒரு துணிக்கடையில் நான்கு வருடம் வேலை செய்தபோது, எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "நுவரெலியா" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். தோட்டம், லயம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வாங்குகிறவர்களுக்கு 'மேட்டு லயம்' என்று பக்கம் திறந்தபோது வராத கூச்சம், கம்பனியின் விண்ணப்பப் பாரத்தில் எழுதும்போது வந்தது. "அனுப்புறேங்க" என்று போனை வைத்தவள், அனுப்பவே இல்லை.

மற்றக் கம்பனியில் ஒரு மனிதரும் பேசவில்லை. எல்லாம் போனிலேயே அரை மணி நேரத்தில் முடிந்தது. கடையின் பெயர் கேட்ட இடத்தில் பனி, மலை எல்லாம் வருகிற மாதிரி இங்கிலீஷில் ஒரு பெயர் போட்டேன். விலாசத்துக்குக் கொழும்பில் இருக்கும் பெரியம்மா மகளின் வீடு. பிடிப்பதும் குறைவு! பக்கத்துக் காம்பிரா அக்காவிடம் போய்ப் பெருமையடித்தேன்.

அந்த அக்காவுக்கு முழங்கால் வலி. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறுவது அவருக்குத் தினமும் தண்டனை. "இனி பெரட்டுக்குப் போகாதீங்க அக்கா, பின்னலே போதும்" என்று சொன்னது நான்தான். "நீ சொன்னா சரி புள்ள" என்று அன்றோடு நின்றுவிட்டார்.

நத்தார் வந்தது, கிறிஸ்மஸ் பரிசுக்கென்று ஓர்டர் குவிந்தது. லண்டனிலிருந்து ஓர் அம்மா, பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு முழு செட் கேட்டிருந்தார். பார்சல் போய்க்கொண்டிருக்கும்போதே கம்பனியிடமிருந்து மெயில் வந்தது. அந்த அம்மா, இந்தப் பணத்தைத் தான் கட்டவில்லை, யாரோ திருடியிருக்கிறார்கள் என்று அவருடைய பேங்கில் முறையிட்டுவிட்டாராம். கொழும்பு விலாசத்தில்தான் கடை நடக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டும் வரை என் கணக்கு நிறுத்தம் என்றார்கள். அந்த ஒரு ஓர்டர் மட்டும் இல்லை, எல்லாருடைய பணமும் உள்ளே மாட்டிக்கொண்டது.

இல்லாத கடைக்கு நான் எங்கே போய் ஆதாரம் எடுப்பது? எத்தனை முறை எழுதினாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். பேச ஒரு நம்பர் கூட இல்லை. நூல் வாங்கக் காசில்லாமல் பின்னல் நின்றது. மறு திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால், அக்கா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்னால் மெதுவாக மலை ஏறிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். உள்ளே வந்து அழுதேன்.

அழுத வேகத்தில் கோபம் லண்டன் அம்மா பக்கம் திரும்பியது. 'சாமானையும் வாங்கிட்டு எங்க வயித்துல அடிக்கலாமா?' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"நான் வாங்குனது மேட்டு லயத்து ஆளுங்ககிட்டம்மா. கார்டு பில்லுல ஏதோ இங்கிலீஷ் பேரு, கொழும்புன்னு வேற போட்டிருக்கு. எவனோ களவெடுத்துட்டான்னு பயந்துட்டேன். அது நீங்களா?"

"நாங்கதாம்மா. அந்தப் பேரைப் போட்டது நான்தான்" என்றேன்.

"நானும் டயகம தோட்டத்துல லயத்துல பொறந்தவம்மா. அந்தப் பேரைப் பார்த்துத்தானே வாங்குனேன். அதை ஏன் மறைச்சீங்க?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

அன்றைக்கே அவர் பேங்குக்கு எழுதி முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். அப்படியும் பணம் வெளியே வர வாரக்கணக்கானது. அத்தனை நாளும் அக்கா மலை ஏறினார்.

வெட்கத்தை விட்டு, கேள்வி கேட்ட அந்த முதல் கம்பனிக்காரரையே கூப்பிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் குத்திக்காட்டவில்லை. "கிராம சேவகர்கிட்ட வதிவிடச் சான்றிதழ் எடுங்க மிஸ். லயம்னா லயம்னே எழுதச் சொல்லுங்க" என்றார். பிறகு பழைய கேள்விகளையே முதலிலிருந்து கேட்டார். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னேன், சான்றிதழையும் அனுப்பினேன், 'மேட்டு லயத்துப் பின்னல்' என்ற பெயரிலேயே கணக்கு திறந்தது.

இந்த வருடம் தைப் பொங்கலுக்குப் பிறகு லண்டன் அம்மா இன்னொரு செட் வாங்கினார். அவருடைய கார்டு பில்லைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எங்கள் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே இருந்தது. பின்னிக்கொண்டிருந்த அக்காவிடம் போனைக் கொடுத்தேன். ஊசியை மடியில் வைத்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்து, "நம்ம லயமா புள்ள?" என்றார்.

"ஆமாங்க அக்கா, நம்ம லயந்தான்" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு முப்பத்து நான்கு வருடம் பிடித்ததும், அதற்குள் அவருடைய முழங்கால் அத்தனை முறை மலை ஏற வேண்டியிருந்ததும், இன்றைக்கும் ஒவ்வொரு பாரத்திலும் விலாசம் எழுதும்போது என் நினைவுக்கு வருகிறது.