காலி டேங்கோடு போன வண்டி

வேலுமணி முப்பத்திரண்டு வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். இந்தியா முழுக்கச் சுற்றியவருக்கு, சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போகிற பதினைந்து இருபது நிமிஷ ரோட்டில் ஒரு சின்னக் காரை ஒழுங்காக ஓட்டிப் போக முடியவில்லை என்றால் எப்படி இருக்கும்? அந்த மாசம் முழுக்க அவர் முகம் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் போகவே ஆட்கள் பயந்தார்கள்.

காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியதே மகள் மைதிலிக்காக. அவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் பிறந்தபோது வேலுமணி நாக்பூரைத் தாண்டி எங்கேயோ லோடோடு நின்றிருந்தார். பிள்ளை பிறந்த சேதி ஒன்பதாம் நாள் எஸ்.டி.டி. பூத்தில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. மனைவி சௌந்திரம் இருபத்தேழு வருஷமாக அதைச் சொல்லிக் காட்டாத பண்டிகை கிடையாது. "இந்தத் தடவ எம் புள்ளய நாந்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன், என்ற வண்டியில" என்று வேலுமணி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஒன்பதாம் மாசம் தொடங்கிய சமயம், காரின் பெட்ரோல் பம்ப் போய்விட்டது. நாமக்கல் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் பாலசுந்தரம் பின் சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் இருக்கிற பழைய பம்பை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக் கொடுத்தான். தனி ஆளாக வேலை செய்கிறவன். லாரி ஓட்டிய காலத்திலிருந்து தெரிந்தவன். வண்டி தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக ஓடியது.

மறுநாள் செக்கப்புக்கு மகளையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊரைத் தாண்டுவதற்குள் வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம். கண்ணாடியை இறக்கினார். போகவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் குப்பென்று அடித்தது. மைதிலி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி, வேப்பமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"என்னால முடியிலீங்ப்பா. நானும் அம்மாவும் பஸ்ஸுல போயிக்கிறமுங்க."

வயிற்றைத் தள்ளிக்கொண்டு மகள் டவுன் பஸ்ஸில் ஏறியதையும், தன் கார் காலியாக அந்தப் பஸ்ஸின் பின்னால் போனதையும் வேலுமணியால் மறக்கவே முடியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

அதற்கு மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனார். பாலசுந்தரம் சீட்டைத் தூக்கினான். பம்புக்கு மேலே இருக்கும் மூடியைக் கழற்றி விரலால் தடவினான். மூக்கை வைத்து முகர்ந்தான். இன்ஜின் பக்கம் ஹோஸ் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லீங்ணா. காஞ்சுதான் கெடக்குது. பம்ப் மாத்தயில ரெண்டு சொட்டு கால் மிதிக்கிற மேட் மேல சிந்தியிருக்கும். வெயில்ல போடுங்க, போயிரும்."

வெயிலில் போட்டார். போகவில்லை. செக்கப் நாள் வந்தால் நாற்றம் வரும்; ஷெட்டுக்குப் போனால் நல்ல பிள்ளையாக நிற்கும். இரண்டாம் தடவை பாலசுந்தரம் கிளிப் மாற்றினான். மூன்றாம் தடவை வண்டியில் ஏறி நாலு கிலோமீட்டர் ஓட்டியே பார்த்தான். ஒரு வாசமும் இல்லை.

"உனக்கு மூக்கு இருக்குதா இல்லையா பாலு?"

"இருக்குதுங்ணா. நாறுனாத்தானுங்களே தெரியும்?"

வேலுமணி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். ஒருத்தர் சாம்பிராணி போடச் சொன்னார். பெட்ரோல் நாறுகிற வண்டிக்குள் நெருப்பு வைக்கச் சொன்ன அந்தப் புண்ணியவானை வேலுமணி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாதி டீயோடு எழுந்து வந்தார். இன்னொருத்தர் சொன்னதைக் கேட்டு மல்லிகை வாசனை டப்பா ஒன்றை வாங்கி முன்னால் ஒட்டினார். அடுத்த செக்கப்பில் பெட்ரோலும் மல்லிகையும் சேர்ந்து அடித்ததில், வயிற்றில் பிள்ளை இல்லாத சௌந்திரத்துக்கே குமட்டியது.

அன்று சாயங்காலம் மைதிலி சாதாரணமாகத்தான் சொன்னாள். "நோவு வந்தா வாடகக் காருக்குச் சொல்லிக்கலாமுங்ப்பா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." வேலுமணி எழுந்து தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் நாலாம் தடவையாக ஷெட்டுக்குப் புறப்பட்டார். புறப்படுவதற்கு முன்னால் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தார். டேங்க் மூடியைத் திறந்து, ஹோஸை உள்ளே விட்டு, வாயால் ஒரு இழு இழுத்து, பெட்ரோலைக் கேனில் இறக்கினார். ஷெட் வரைக்கும் போய்ச் சேர ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ மட்டும் விட்டுவைப்பார். திரும்பி வந்ததும் கேனில் இருப்பது மறுபடி டேங்குக்குப் போய்விடும்.

இது லாரிக்காரர் புத்தி. வண்டி ஓட்ட வந்த புதிதில், வடக்கே ஒரு பட்டறையில் லாரியை ராத்திரி விட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதி டீசலைக் காணோம். இவர்தான் விற்றுத் தின்றுவிட்டார் என்று ஓனர் ஆபீசில் நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டார். அன்றைக்கு முடிவு செய்ததுதான், பட்டறைக்குள் போகும்போது டேங்கில் எதுவும் இருக்கக் கூடாது. அதே லாரிக்காரர் புத்திதான், மகளை ஏற்றும் நாளில் பங்க்குக்குப் போய், பம்ப் தானாக நின்ற பிறகும் வண்டியை ஆட்டி ஆட்டி, பெட்ரோல் கழுத்துக்கு வருகிற வரைக்கும் ஊற்றச் சொல்லும். நடுவழியில் நிற்பது அவருக்கு ஜென்மத்துக்கும் ஆகாது.

துணி காயப்போட வந்த சௌந்திரம், கேனையும் ஹோஸையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங், ஒவ்வொரு தடவையும் இப்பிடி எறக்கிட்டுத்தான் பாலுகிட்டப் போறீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மாத்தரயப் போட்டுக் காச்சல எறக்கிட்டு, டாக்டர்கிட்டப் போயி காச்சலப் பாருங்கன்னா அவரு என்னத்தப் பாப்பாரு?"

வேலுமணி வாயிலிருந்த பெட்ரோல் எச்சிலைத் துப்பினார்.  கேனில் இறக்கியதை எல்லாம் திரும்ப டேங்கில் ஊற்றினார். புதன்சந்தை பங்க் வரைக்கும் போய்க் கழுத்து வரைக்கும் நிரப்பினார். ரோட்டோரம் நிறுத்திப் பின் சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றினார். பம்ப் உட்கார்ந்திருக்கும் வாயைச் சுற்றி ஈரம் பளபளத்தது. விரலால் தொட்டார். பெட்ரோல்.

ஒரு மாசமாகத் தன் கண்ணை வெறும் ஹோஸாலேயே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஷெட்டில் பாலசுந்தரம் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"தப்பு எம்மேலதானுங்ணா. பம்ப் மாத்தயில பழைய ரப்பர் ரிங்கையே போட்டுட்டேன். அது ஊதிப்போயி சரியா உக்காரல. டேங்கு நெறஞ்சாத்தான் அது வழியா வெளிய வருது." சொல்லிவிட்டு டேஷ்போர்டில் பெட்ரோல் முள்ளைப் பார்த்தான். அது மேல் கோட்டைத் தொட்டு நின்றது. "ஆனா ஒவ்வொரு தடவையும் முள்ளு கீழயே படுத்துக்கெடக்குமுங்களே. நானும் யோசிப்பேன், இந்த அண்ணன் எதுக்கு வெறும் வண்டியாவே வாராருன்னு."

வேலுமணியின் பார்வை கீழே போனது. தான் பெட்ரோலைத் திருடிவிடுவேன் என்றுதான் இவர் காலி டேங்கோடு வந்திருக்கிறார் என்று பாலசுந்தரத்துக்கு விளங்கிவிட்டது. அவன் கையைத் துணியில் துடைத்தான். 

"ரிங்கு சேலத்துலருந்து நாளைக்குத்தானுங்க வரும். வண்டி இங்கயே நிக்கட்டும். இல்ல, கொண்டு போறதுன்னாலும் கொண்டு போங்க."

கடைசி வாக்கியம் குத்தியது. வேலுமணி சாவியை அவன் மேஜை மேல் வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மைதிலிக்கு வலி கண்டது. டாக்டர் சொன்ன தேதியை அந்தப் பிள்ளை மதிக்கவில்லை. வேலுமணிக்கு வாடகைக் காரின் நம்பர் எங்கே எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. கை தானாகப் பாலசுந்தரத்தைக் கூப்பிட்டது.

"முடிச்சுட்டனுங்ணா. இந்தா, கெளம்பிட்டேன்" என்றான்.

பத்தே நிமிஷத்தில் கார் வாசலில் நின்றது. பாலசுந்தரம் இறங்கிச் சாவியை நீட்டினான். "நீங்க ஓட்டுங்ணா. நீங்க ஓட்டோணும்னுதான சொல்லிட்டிருந்தீங்க." வேலுமணி கையை நீட்டினார். சாவி பிடியில் நிற்காமல் கீழே விழுந்தது. மலைப்பாதையில், மழையில் லாரி இறக்கிய கை அது.

"நீயே ஓட்டு பாலு. ஊட்டுக்கு வந்துட்டு அப்பிடியே போயிராத, ஓட்டு" என்றார். 

சௌந்திரம் பையோடு முன்னால் உட்கார்ந்தாள். வேலுமணி பின்னால், அந்தச் சீட்டின் மேலேயே, மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரைத் தாண்டினார்கள். வேகத்தடை வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஏறி இறங்கியது.

"பொட்டு வாசம் இல்லீங்ப்பா" என்றாள் மைதிலி, பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டே.

"அழுத்திப் புடிச்சுக்க சாமி" என்று கையைக் கொடுத்தார்.

நாமக்கல் நெருங்கும்போது பாலசுந்தரம் திரும்பாமலே பேசினான். "ரிங்கு மாத்தறதுக்குப் பெட்ரோல வெளிய எடுக்க வேண்டியதாப் போச்சுங்ணா. எடுத்தத அப்பிடியே திருப்பி ஊத்திட்டேன். முள்ளப் பாத்துக்கங்க."

அவன் குத்திக் காட்டவில்லை. கேட்கிறவர் மனசு அமைதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். 

முன் சீட்டுகளுக்கு இடையில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் முள் தெரிந்திருக்கும். வேலுமணி எட்டிப் பார்க்கவில்லை.