வாசனை தெரியாத மெக்கானிக்

எங்கள் பழைய காரில் ஏறினாலே பெட்ரோல் வாசனை குமட்டுகிறது என்று என் மனைவி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உனக்குத்தான் அப்படித் தோணுது" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். மைலேஜ் பாதியாகக் குறைந்து, பின்னால் கரும்புகையும் வர ஆரம்பித்த பிறகுதான் சிறுவாச்சூர் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்தினேன்.

ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. யார் பேசினாலும் கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார், கரி அப்பியிருந்தது. நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கூட வந்திருந்த என் மனைவியிடம் திரும்பினார்.

"காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சதுலேர்ந்து எனக்கு வாசனையே தெரியறதில்லம்மா. நீங்க சொல்லுங்க. கிளம்பறப்ப மட்டும் வாசம் வருதா, வண்டி சூடானப்புறமும் வருதா?"

"சூடானப்புறமும்தாங்க. அரியலூர்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் வந்துச்சு."

"அப்ப இஞ்சின் சூட்டைச் சொல்ற சென்சார் போயிருக்கும். இன்னும் சூடாகலன்னு நெனச்சுக்கிட்டு வண்டி பெட்ரோலைக் கூடுதலா ஊத்துது."

சோதித்தார், அதுவேதான். மாற்றியதும் கரும்புகை நின்றது.

திரும்பும் வழியில் மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். முன்பின் தெரியாத அந்த மனிதர் அவளிடம் கேட்ட ஒரு கேள்வி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டிய எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.