எடை: 0.57

நான்கு சக்கர வாகனத்தைக் குடியிருப்புக்குள் நிறுத்த முன் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் தரப்பட வேண்டும். விதியின் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியை என் முப்பது ஆண்டு அரசுப் பணியில் நான் நேரில் சந்தித்ததில்லை.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஜப்பானிலிருந்து ஒரு குட்டிக் காரை வரவழைத்து, ஆவடியில் எங்கள் குடியிருப்பு வாயிலில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா டாங்கித் தொழிற்சாலையில் சோதனை ஓட்டுநர். ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"ஏல, இது வண்டியா, தீப்பெட்டியா? எங்க டாங்கியோட ஒத்தப் பக்கச் சங்கிலியே இதவிட கனம்ல."

"அதான விஷயமே. ஒருக்கா ஓட்டிப் பாருண்ணே."

நசரத்பேட்டையைத் தாண்டியதும் அப்பா ஓட்டினார். பின்னிருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நான். டாங்கியின் நெம்புகோலைத் தோள்பலத்தால் இழுத்தே பழகியவர், வளைவிலும் அப்படியே பலமாகத் திருப்பினார். அவர் நினைத்து முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது. மண்ணில் இறங்கி ஏறினோம். நான் கத்தினேன். அப்பா சிரித்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து அதுவரை கேட்டதில்லை. இதில் எது வேடிக்கை என்று எனக்கு விளங்கவில்லை. குமணன்சாவடி வந்த பிறகும் இறங்க மனமில்லாமல் இன்னொரு முறை போய்வந்தார்.

இரண்டு மாதத்தில் சித்தப்பா கப்பலேற வேண்டும். அதற்குள் அனுமதி வந்தால் கார் அப்பாவுக்கு. வராவிட்டால் விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

அனுமதிப் படிவத்தில் 'எடை, டன்னில்' என்றொரு கட்டம். அப்பா 0.57 என்று எழுதினார். குடியிருப்பு அலுவலக எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

"முழு நம்பர்தான் எய்தணும். ஒண்ணுன்னு போட்டுக்கினு போ அண்ணாத்தே. எவன் தூக்கிப் பாக்கப் போறான்?"

"ஒரு டன் இல்லையே."

"குடும்பத்தோட ஏறி குந்து, ஒரு டன்னு வந்துரும்."

ஒன்று என்று போட்டால் கார் எங்களுடையது. அது எனக்கே புரிந்தது. அப்பா போடவில்லை. ஒரு டன் என்று எழுதினால் அது அந்தக் காரே இல்லை என்றார். எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டு, மேலிடத்தின் தெளிவுரை வேண்டிக் கோப்பை அனுப்பினார்.

சித்தப்பா கப்பலேறினார். காரைப் பூந்தமல்லி வியாபாரி ஒருவர் வாங்கிப் போனார். அப்பாவோ ஆறு மாதத்துக்கொரு நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

"வண்டிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குப்பா?"

"நான் போட்ட எடை சரின்னு ஒருத்தனாவது எழுதித் தரட்டும்."

எனக்கு அதுவும் விளங்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துப் பதில் வந்தது. எடை 0.57 டன் எனப் பதிவு செய்யப்பட்டது. ஒரு டன்னுக்குக் குறைந்த வாகனங்கள் இவ்விதியின் கீழ் வாரா. எனவே அனுமதி தேவையில்லை. அப்பா படித்துவிட்டு, நசரத்பேட்டை வளைவில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். அழுதது நான்தான். கடிதம் வந்த தேதி, அவர் பணி ஓய்வு பெற்று, குடியிருப்பு வீட்டின் சாவியை ஒப்படைத்த நாள்.