திருக்கழுக்குன்றம் வழியாக வந்த ஐஸ்கிரீம்

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் என்னையும் என் மனைவியையும் செங்கல்பட்டில் புதிதாக வந்திருக்கும் ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப் போனான். கண்ணாடிக் கதவு, உள்ளே குளுகுளு ஏசி. கேட்ட மறுநிமிடம் கப் கைக்கு வந்துவிட்டது. அட, இவ்வளவு சீக்கிரமா! அந்தக் காலத்தில் ஐஸ்கிரீம் என்றால் முதலில் தோள் வலிக்கும், நாக்கு இனிப்பதெல்லாம் அப்புறம்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் இதே ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்தேன். பக்கத்திலேயே மஸ்தான் பாயின் ஐஸ் கடை. மெட்ராஸிலிருந்து ரயிலில், மரத்தூளும் சாக்கும் போர்த்திக்கொண்டு ஐஸ் கட்டி வரும். ஒரு மரவாளி, நடுவே பால் ஊற்றிய தகர டப்பா, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும், மேலே டப்பாவைச் சுற்ற ஒரு கைப்பிடி. உப்பு சேர்ந்தால்தான் குளிர் ஏறும். விடாமல் சுற்றினால்தான் பால் இறுகும். சாப்பிட வந்தவர்கள் முறை வைத்துச் சுற்ற வேண்டும், சுற்றியவருக்கு ஒரு கரண்டி கூடுதல். இது பாய் போட்ட சட்டம். வக்கீல்கள்கூடக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றுவார்கள். என்ன மனுஷன் அவர்!

என் மனைவி அப்போது மகாபலிபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பொல்லாத மசக்கை. தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஐஸ்கிரீம் ஒன்றைத்தான் கேட்கிறாள் என்று மாமனார் சொல்லியனுப்பினார். பதறிப்போய் பாயிடம் ஓடினேன்.

“ஐஸ்கிரீமா எடுத்துகினு போனா தண்ணியாப் பூடும். பாலாவே எடுத்துகினு போ தம்பி. வழியெல்லாம் சுத்து. எறங்க சொல்லோ ஐஸ்கிரீம் ஆயிருக்கும்.”

வாளியும் கையுமாக பஸ் ஏறினேன். துணி கிழித்தே பழகிய கைக்கு பலம் ஏது? போதாததற்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டிய உப்பை எடுத்த எடுப்பிலேயே கொட்டித் தொலைத்தேன். உப்புத் தண்ணீர் பஸ் முழுக்க ஓட, ஜனங்கள் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் சண்டைக்கே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். டிக்கெட் பையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு அவரே உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். பிறகு ஆளாளுக்கு வாளியை வாங்கிக்கொண்டார்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியும் உள்ளே பால் தளும்பிக்கொண்டுதான் இருந்தது. கையில் உப்பு இல்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. பின்சீட்டு மீன்காரம்மா, விற்காத மீனுக்குப் போட வைத்திருந்த உப்பை நீட்டினார். மீன் வாடை பட்டால் என் மனைவி மறுபடி வாந்தி எடுப்பாளே என்று தயங்கினேன். டப்பாவுக்கு வெளியேதானே போடப்போகிறாய் என்று அதட்டி, அவரே கொட்டினார். கடைசி முறையும் அவருடையதுதான். சுற்றச் சுற்றக் கைப்பிடி கனத்துக்கொண்டே வந்தது. பால் இறுகுகிறது!

இறங்குமுன், பாயின் சட்டப்படி எல்லாருக்கும் ஒரு கரண்டி கொடுக்க மூடியைத் திறக்கப் போனேன். மீன்காரம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

“மூடு நைனா. புள்ளத்தாச்சி துன்னட்டும். நாங்க சுத்துனதே அவளுக்கோசரம்தான்.”

அன்று அவள் சாப்பிட்டது வயிற்றில் தங்கியது. யார் யார் சுற்றினார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்த வயிற்றில் இருந்தவள்தான் இந்தப் பேரனின் அம்மா.

பாய் கடை, மரவாளி எதுவும் இப்போது இல்லை. புதுக்கடை ஐஸ்கிரீமைக் குறை சொல்ல மாட்டேன், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. என் மனைவியும் கப்பைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, பழைய ஞாபகத்தில் என்னிடம் கேட்டாள்.

“நல்லாத்தான் கீது. யாரு சுத்துனது?”

கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கம்பெனி பெயர்தான் இருந்தது.