மச்சானுக்கு ஏறிய பிரஷர்

என் மச்சானுக்குத் தரையில் கால் பாவாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மேலே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் ராஜா. கீழே இறங்கினால் என் அக்காவின் கணவர், அவ்வளவுதான். கீழே நின்று கை காட்டி கன்டெய்னர்களை இறக்க வைப்பது என் வேலை. வருஷக்கணக்காக அவரை அண்ணாந்து பார்த்தே என் கழுத்து போயிற்று.

அப்படிப்பட்டவருக்குப் பிரஷர் வந்தது. மாத்திரை கொடுத்தால் மறந்துவிடுவார். அக்கா திட்டுவாள். அந்தத் திட்டிலேயே இன்னும் கொஞ்சம் ஏறும். கடைசியில் கம்பெனி டாக்டர் அவரை ஸ்டோரில் உட்கார வைத்தார். பிரஷர் கட்டுக்குள் வராவிட்டால் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மச்சானைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த டாக்டரே ஒரு புதுச் சிகிச்சைக்கு அனுப்பினார். மேல்கையில் ஒட்டும் சின்னப் பட்டை. அதிலுள்ள சென்சார் ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஏறினால், கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களில் அடைத்த மருந்தைத் தோல் வழியாகத் தானே உள்ளே விடும்.

மச்சான் சட்டைக்கையைச் சுருட்டினார். "நானோ, நீயோ, யாரோ... பிரஷர் இறங்கினா சரி டாக்டர்!"

சில வாரம் கழித்து, பட்டையோடு ஒருநாள் கிரேன் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் டாக்டர். அக்காவிடம் சொன்னால் விடமாட்டாள் என்று மச்சான் வாயே திறக்கவில்லை. ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? மேலே போனதும் முன்பெல்லாம் செய்வதுபோல அவளுக்குப் போன் போட்டார். "ஏறியாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஸ்டோரில் இருக்கிற மனிதருக்கு ஏறுவதற்கு வேறு என்ன இருக்கிறது? அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு துறைமுக கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"அவருக்குப் பிரஷர் ஏறிடுச்சாம்! எங்க அவரு?"

"கிரேன்ல இருக்காரும்மா" என்றார் கேட்டில் இருந்த வாட்ச்மேன்.

"ஐயையோ, அதுல வேற ஏறிட்டாரா!" அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். வாட்ச்மேன் எனக்குத் தகவல் சொல்ல, கிரேனுக்குக் கீழே நின்றபடியே நான் மச்சானுக்குப் போன் செய்தேன். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஏணி இறங்கி நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் எங்கள் மூவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் கம்ப்யூட்டரில் பட்டையின் கணக்கைப் பார்த்தார். மேலே இருந்த நேரமெல்லாம் பிரஷர் கோடு சமத்தாகப் போயிருந்தது. ஓரிடத்தில் மட்டும் சரேலென்று ஏறி, பிறகு மெல்ல இறங்கியிருந்தது. போச்சு, இனி ஸ்டோர்தான் என்று நினைத்தேன்.

"இங்க என்ன ஆச்சு?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "கேட்ல இவ அழுதுட்டு நிக்கிறான்னு போன் வந்துச்சு சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஏறினதுமே பட்டை மருந்து விட்டிருக்கு, தானா இறங்கியிருக்கு. இதைத்தான் நான் பாக்கணும்னு இருந்தேன். பட்டையைக் கழட்டாதீங்க. நாளையிலேருந்து கிரேனுக்குப் போங்க."

அக்கா திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கோடு ஏறிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதரை, ஒரு பட்டை இப்படிக் காட்டிக் கொடுத்துவிட்டது.