ஒரு கரண்டிப் பஞ்சாமிர்தம்

அந்தச் சின்னக் கையின் பிசுபிசுப்புத்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பாரிசின் லாச்சப்பலில் மெத்ரோ ரயில் ஏறியதும், கூட்டத்தில் விழுந்துவிடாமல் இருக்க அக்காவின் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. கோயிலில் அர்ச்சனை முடித்து நேரே மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நெற்றி நிறையத் திருநீறு. "என்னடி செல்லம், கை ஒட்டுது?" என்று சும்மாதான் கேட்டேன். "பஞ்சாமிர்தம், மாமா. அப்பா தந்தவர். செ போன்!" என்று பிரெஞ்சில் ருசியை மெச்சி விரலை நக்கிக் காட்டினாள். நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன்.

பிள்ளை பிறக்கும்போதே இதயத்தில் குறை. கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு சத்திரசிகிச்சை செய்து, பெரியதற்கு உடம்பு வளரட்டும் என்று வைத்தியர்கள் காத்திருந்தார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னால் ஒரு சோதனை. மயக்கமருந்து கொடுத்து, தொடையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இதை எங்கள் குடும்பத்துக்குத் தமிழில் சொல்லி விளங்கப்படுத்தியவன் நான்தான். அக்கா முதல் நாளே வீட்டிலிருந்த பிஸ்கட்டை எல்லாம் உயரத்தில் ஏற்றிவிட்டாள். அத்தானும் பிள்ளைக்குத் துணையாகத் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் வந்தவர். அப்படிப்பட்ட மனிதர், அக்கா பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஐயர் நீட்டிய பஞ்சாமிர்தத்தை வாங்கி மகளுக்கு ஊட்டியிருக்கிறார்!

"அத்தான், என்ன வேலை செய்திட்டியள்?"

"என்ன செய்தனான்? பிரசாதம் சாப்பாடே? விரதகாரரே வாங்கிச் சாப்பிடுகினம்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், கோயிலில் கையில் விழுந்ததை ஒருவரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் அந்த வெள்ளை மனதைப் பார்த்து என்னத்தைச் சொல்ல? விஷயம் விளங்கியதும் மனிதர் வெளிறிப் போனார். பிறகு என் காதுக்குள் கெஞ்சத் தொடங்கினார். "ஒரு கரண்டிதான். சொல்லாதையும். எத்தினை மாசம் காத்திருந்து வந்த நாள். இண்டைக்கு விட்டால் ஒப்பரேசனும் தள்ளிப் போகும். குளிர் தொடங்கினால் பிள்ளைக்கு இருமல் வரும், பிறகு அதுக்கும் தள்ளுவினம்." அதுவும் உண்மைதான். குளிர்காலத்துக்கு முன் முடிப்பது நல்லது என்று வைத்தியரே சொல்லியிருந்தார். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கையை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் விரல் விரலாகத் துடைத்தாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பிரெஞ்சு என்றாலே கூச்சம். பேக்கரியில் பாண் வாங்கப் போனாலும் "தம்பி, நீ கதை" என்று பேச என்னை முன்னால் தள்ளிவிடுவாள். அன்றைக்கு வார்ட்டில் தாதி வந்து, பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அத்தான் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"எல் ஆ மான்ஜே, மதாம்," என்றாள். அவள் சாப்பிட்டுவிட்டாள். தாதி புருவத்தை உயர்த்த, அக்கா விரல் மடித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்: "பனான். மியேல். சுக்கர்." வாழைப்பழம், தேன், சீனி. அங்கே நின்று திரும்பி, "தம்பி, நெய்க்கு என்ன சொல்லுறது?" என்றாள். "பேர்," என்றேன், வெண்ணெய்க்கான பிரெஞ்சுச் சொல்லை. நான் அன்றைக்கு மொழிபெயர்த்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியர், நெடிய பெண், இறங்கி வந்தார். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னார். சோதனை ரத்து. அன்றைக்கு வேறு இடமில்லை, அழைப்பு வரும் என்றார்கள். கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அத்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார். இனி அக்கா வெடிக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். கோபம் வந்தால் அவள் பாரிசையே இரண்டாக்கிவிடுவாள். அவளோ, "அழாதேங்கோ. சாமி தந்ததைத்தானே குடுத்தனீங்கள். அடுத்த முறை சோதினை முடிஞ்சாப் பிறகு குடுப்பம்," என்றாள். திரும்பி வரும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "என்ர பிள்ளையை நித்திரையாக்கி அவையின்ர கையிலை குடுக்கிறன். அவைக்குத் தெரியாமல் ஒண்டை வயித்துக்குள்ளை ஒளிச்சு வைச்சே குடுக்கிறது?" இவ்வளவு பெரிய மனுசி இத்தனை காலமும் என் அக்காவாக இருந்திருக்கிறாள், நான் அவளுக்குப் பாண் வாங்கிக் கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் லேசானவை அல்ல. குளிர் வந்தது, பயந்தபடி இருமலும் வந்தது. திரான்சியிலிருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தவர் யாராவது தும்மினால் அக்கா அவர்களை வாசலோடு அனுப்பினாள். ஒரு நாளாவது "சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்று அவள் வாயில் வரவில்லை. குளிர் முடிகிற நேரத்தில் அழைப்பு வந்தது. சோதனை நல்லபடியாக முடிந்தது, கொஞ்ச நாளில் சத்திரசிகிச்சையும்.

இப்போது அந்தப் பிள்ளை கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போகிறாள். மெத்ரோ படிகளில் எனக்கு முன்னே ஏறி நின்று "மாமா, கிழவன்!" என்று கத்துகிறாள். அவள் கத்தும்போதெல்லாம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு எங்களை முதல்முதலாக உள்ளே விட்ட அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வந்துவிடும். உடம்பெல்லாம் வயரும் குழாயுமாகக் கிடந்தாள். அக்கா குனிந்து முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் உதட்டைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு முகம் சிவக்கத் தாதியின் பக்கம் திரும்பி, கோபத்தில் பிரெஞ்சு எல்லாம் பறந்துபோக, தமிழிலேயே கேட்டாள்.

"என்ர பிள்ளையின்ர சொண்டுக்கு ஆர் சாயம் பூசினது?"

ஒருவரும் பூசவில்லை. நீலம்தான் போயிருந்தது.