சொல்லாமல் விட்ட பாடம்

கர்ப்பிணிகளுக்கு வீடு தேடிப்போய்ப் பிரசவப் பாடம் சொல்லித்தருவதுதான் அந்த நர்ஸின் பிழைப்பு. ஒரு தையல்காரியிடம் மட்டும் ஆபரேஷனைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவள்தான். ஆனாலும் ஆஸ்பத்திரிக் கத்தி என்றால் அவளுக்கு முகம் வெளுத்துவிடும். கடைசியில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து, ஆபரேஷன்தான் செய்ய வேண்டியதாயிற்று.

நர்ஸ் பார்க்கப் போனபோது தாயும் பிள்ளையும் நலம். "நான்தான் மூச்சைச் சரியா விடல போலிருக்குக்கா. அவ்வளவு சொல்லிக் குடுத்தும் கோட்டை விட்டுட்டேன்," என்று தையல்காரி கண்கலங்கினாள்.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. "உன் மேல தப்பே இல்லம்மா. இப்படியும் ஆகலாம்னு நான்தான் சொல்லாம மறைச்சிட்டேன்."

தையல்காரி முகத்தைக் குழந்தையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். தனக்கு இது வேண்டியதுதான் என்று நர்ஸுக்குப் பட்டது.